ஏழு வயதில் எதற்கு இந்தத் தேர்வு?

பிரான்ஸில் ஒவ்வொரு மாகாணமும் தனக்கென ஓர் அழகியைத் தேர்ந்தெடுத்து 'மிஸ் பிரான்ஸ்' மேடைக்கு அனுப்பும். மாகாணச் செய்திகளுக்கு இடம் தரவென்று தொடங்கிய அரசுத் தொலைக்காட்சி எஃப்.ஆர்.3 (இன்றைய பிரான்ஸ் 3) 1980களின் பிற்பகுதியில் அந்த இறுதிச்சுற்றை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதே சாயலில் சிற்றூர் அரங்குகளில் சிறுமிகளுக்கும் 'மினி மிஸ்' போட்டிகள் நடந்தன.

பதினெட்டு நிறைந்த பெண் விரும்பி மேடையேறுவது அவள் உரிமை. ஏழு வயதுச் சிறுமிக்கு அப்படி முடிவெடுக்கத் தெரியுமா? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஷான்தால் ஜுவானோ. கராத்தே வீராங்கனை, முன்னாள் விளையாட்டுத் துறை அமைச்சர். சிறுமிகளை வயதுக்கு மீறிய தோற்றத்தில் காட்டும் போக்கைக் கண்டித்து 2012இல் அரசிடம் அறிக்கை அளித்தார். 2013 செப்டம்பரில், பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான அழகுப் போட்டிகளைத் தடைசெய்யும் அவரது திருத்தத்தை செனட் 196–146 என்ற வாக்குகளில் ஏற்றது. நடத்துபவர்களுக்கு இரண்டு ஆண்டு சிறை, 30,000 யூரோ அபராதம் என்றது அந்தத் திருத்தம். பிறகு கடுமை தணிந்தது. 2014 ஆகஸ்ட் 4ஆம் தேதிச் சட்டப்படி, தோற்றத்தை வைத்து நடத்தும் போட்டியில் பதின்மூன்று வயது நிறையாதவர்களுக்கு இடமில்லை. பதின்மூன்று முதல் பதினாறுக்குள் என்றால் முன் அனுமதி வேண்டும்.

எங்கள் மேடையில் நீச்சல் உடை இல்லை, இளவரசி கவுன்தான் என்று வாதாடினார்கள் அமைப்பாளர்கள். உடை மாறினால் மட்டும் போதாது. பாட்டுப் போட்டியில் தோற்ற குழந்தை நாளை இன்னும் கொஞ்சம் சாதகம் செய்யலாம். முகத்துக்காகத் தோற்ற குழந்தை எதைப் பயிற்சி செய்யும்? அதுவும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் தோற்றால், மறுநாள் வகுப்பில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். வென்ற குழந்தைக்கும் நல்லதில்லை. தன்னிடம் மதிக்கத் தக்கது முகம் மட்டுமே என்று நம்பத் தொடங்கிவிடுவாள்.

இந்தச் சட்டம் குழந்தைகளைக் குற்றம் சொல்லவில்லை. கடிவாளம் போட்டது பெரியவர்களுக்குத்தான். அதனால்தான் அதை மனதார வரவேற்கிறேன். இன்று மேடை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. காணொளிகளில் சம்பாதிக்கும் பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காக்க 2020இல் பிரான்ஸ் இன்னொரு சட்டம் இயற்றியது. ஆனால் வீட்டு வரவேற்பறையில் எந்த ஆய்வாளரும் நிற்க முடியாது. அங்கே குழந்தையின் முகத்துக்கு மதிப்பெண் போடாமல் இருக்க வேண்டியது பெற்றோரின் கடமை.