புழுக்கத்துக்கு அளவுகோல் இல்லாத வானிலை

கோடை தொடங்கியதும் இரு சக்கர வண்டி ஓட்டுவோருக்கான அறிவுரைகள் சமூக ஊடகங்களில் பெருகிவிடுகின்றன. கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும், சட்டையை நனைத்து அணிய வேண்டும், முகத்தை முழுதும் மூட வேண்டும், நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்லக் கூடாது. தில்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் இவை பொருத்தமானவையே. இவற்றை ஒரு சொல்லும் மாற்றாமல் அந்தமான் தீவுகளுக்கும் அனுப்பிவைக்கும் அறிவுச்சோம்பல்தான் கேள்விக்கு உரியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அத்தீவுகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழே தாய்மொழி. ஆகவே தமிழில் எழுதப்படும் அறிவுரை அங்கும் வாசிக்கப்படுகிறது என்பதை எழுதுவோர் மறக்கலாகாது.

மனிதத் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று 44 டிகிரியாக இருக்கும் ஊரில் வண்டி வேகமெடுக்க எடுக்க, எதிர்காற்று உடலுக்குள் வெப்பத்தைத் திணிக்கிறது. அங்கே உடலை மூடுவதும் துணியை நனைப்பதும் அறிவுடைமை. ஈரப்பதம் 15 விழுக்காடாக இருந்தால், 44 டிகிரிக் காற்றில் நனைந்த துணி ஏறத்தாழ 23 டிகிரி வரை குளிரக்கூடும். இனி அந்தமானின் ஏப்ரல் மாதத்தை எண்ணிப் பார்க்கலாம். வெப்பநிலை 32 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்று கொண்டால், நனைந்த துணி 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஓரிடத்தில் 21 டிகிரி ஆதாயம், மற்றோரிடத்தில் வெறும் 4. தவிரவும், அங்கே வண்டி ஓட்டுபவரின் முதுகு துண்டின் உதவியின்றியே நனைந்திருக்கிறது. வியர்வை ஆவியாக மாறும்போதுதான் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சொட்டி விழும் வியர்வையால் உடலுக்குப் பயன் ஏதும் இல்லை. அங்குள்ள குறை நீர் அன்று, காற்றோட்டம். 32 டிகிரிக் காற்று தோலைவிடக் குளிர்ந்தது. அதைத் தடுத்து நிறுத்தும் தடித்த உடுப்பும், மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிய துப்பட்டாவும் காப்பு என்ற பெயரில் செய்துகொள்ளும் தீங்கு. வெளிர்நிறத்தில், முழுக்கையுடன், தளர்வாக, மெல்லியதாக ஒரு சட்டை போதும். விழுந்தால் உடலைக் காக்கும் உடுப்பு வேண்டுவோர் வலைத்துணியால் ஆனதைத் தேர்ந்தால் காற்று உள்ளே புகும்.

இந்த வேறுபாட்டைத் தமிழ் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. வெயில் வேறு, அனல் வேறு, வெக்கை வேறு, புழுக்கம் வேறு. புழுங்கல் அரிசியில் உள்ள அதே புழுங்குதல்தான் புழுக்கத்திலும் இருக்கிறது: ஈரத்தோடு சேர்ந்த வெப்பத்தில் வேகுதல். நெல்லை அவிக்கும் பாட்டிக்குத் தெரிந்த இப்பாகுபாடு, ‘வெப்ப அலை’ என்ற மொழிபெயர்ப்புச் சொல்லுக்குள் காணாமற்போய்விட்டது. சொல் மறைந்தால் பொருளும் மறையும் என்று மொழியியலாளர் எவரும் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மக்கள் இன்றும் ‘புழுங்குகிறது’ என்றுதான் சொல்கிறார்கள். மறந்தது நிர்வாகமே.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறையில், கடலோர நிலையம் ஒன்றில் வெப்ப அலை அறிவிக்கப்பட வேண்டுமெனில் அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரியை எட்ட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். கடல் சூழ்ந்த போர்ட் பிளேரில், அதாவது 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் நகரில், 37 டிகிரி என்பது அரிதினும் அரிது. எனவே ஆவணங்களின்படி அத்தீவுகள் ஏறக்குறைய வெப்பத் துன்பமே அறியாதவை. ஆனால் மேலே சொன்ன 32 டிகிரியும் 75 விழுக்காடும் சேர்ந்தால் நிழலில் இருப்பவருக்கே 40 டிகிரிக்கு மேல் இருப்பது போல் தோன்றும் என்று வெப்பக் குறியீட்டு அட்டவணை காட்டுகிறது. துறையும் இதை அறியாததன்று. 2023-இல் வெப்பக் குறியீட்டைச் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது. வெப்பமும் ஈரமும் மிக்க வானிலை என்ற எச்சரிக்கையும் அதனிடம் உண்டு. அறிந்திருந்தும் ‘வெப்ப அலை’ என்ற முதன்மைச் சொல்லின் வரையறையை வறண்ட வெப்பத்துக்கே வைத்திருப்பதுதான் குற்றச்சாட்டு. மீன் கூடையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவருக்கு மயக்கம் வந்தால், அது எந்தப் பட்டியலில் ஏறும்?

கடிகாரத்தின் கதை இதைவிட விந்தையானது. இந்தியச் சீர்நேரம் 82.5 டிகிரிக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. போர்ட் பிளேர் ஏறத்தாழ 92.7 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், அங்கே சூரியன் உச்சிக்கு வருவது காலை 11.20 மணியளவில். சென்னையோடு ஒப்பிட்டால் சுமார் 50 நிமிடம் முன்னதாக. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அது கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே நிற்கும். ‘12 மணிக்கு மேல் வெளியே வராதீர்’ என்ற எச்சரிக்கையை நம்பி 11 மணிக்கு வண்டியை எடுப்பவர், அன்றைய கதிர்வீச்சின் உச்சத்தைத் தலையில் வாங்கிக்கொண்டு, பின் 12 மணிக்கு நல்லபிள்ளையாக வீட்டுக்குள் நுழைவார். தேநீர்த் தோட்ட நேரம் என்று அசாமில் ஒரு வழக்கம் உண்டு. தீவுகளுக்குத் தனி நேரம் கேட்பது பெரிய வாதம், அது கிடக்கட்டும். எச்சரிக்கைத் துண்டறிக்கையில் ஓர் எண்ணை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

ஓடும் வண்டியில் புழுக்கம் பொறுக்கக்கூடியது. நிற்கும் வண்டியில்தான் அது கொடியது. சாத்தம் துறையிலிருந்து பேம்பூ பிளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகுக்காக வரிசையில் நிற்பவரை நினைத்துப் பார்க்கலாம். கீழே சூடேறிய தரை, கால்களுக்கு நடுவே காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சின், மேலே வெயில், எதிர்காற்று இல்லை. அறிவுரை எழுதுவோர் பயணத்தைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்கள். காத்திருப்பைப் பற்றி எழுதுவதில்லை. ஏனெனில் ஈரத்துண்டு தனிமனிதர் பொறுப்பு, துறையின் கூரையோ அரசின் பொறுப்பு.

புழுக்கத்தைக் காரணம் காட்டித் தலைக்கவசத்தைக் கழற்றுவோரின் வாதமும் இதே குழப்பத்தில் பிறந்ததே. தலை, உடற்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மீதி ஒன்பது பங்கையும் காற்றுப் புகாத உடுப்பில் அடைத்துவிட்டுத் தலைமேல் பழி போடுவது நியாயமாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தீவுகளுக்கும் பொருந்தும். 2021 ஜூன் முதல் இந்தியத் தர முத்திரை பெற்ற தலைக்கவசங்களையே விற்க வேண்டும். அவற்றுள் வெண்ணிறமும் நல்ல காற்றுத் துளைகளும் உள்ளதைத் தேர்வதும், உட்துணியை அடிக்கடி துவைப்பதும் வேண்டும். படகு வரிசையில் வண்டி நிற்கும்போது அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

குடிப்பதிலும் ஒரு திருத்தம் தேவை. தீவுகளில் இளநீருக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் பெரிதும் வெளியேறுவதோ சோடியம். வேலை நிமித்தமாக நாள் முழுதும் வண்டியில் அலைபவர் இளநீரோடு உப்பிட்ட நீராகாரமோ மோரோ சேர்த்துக் குடிப்பது நலம். உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருப்போர் அவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக மே 22 வாக்கில் தீவுகளை அடைகிறது. அதற்கு முந்தைய எட்டு வாரங்களுக்கு வேண்டியவை மூன்று: வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணித்த தினசரி எச்சரிக்கை, தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் தெலுங்கிலும், தீவின் சூரியனுக்கு ஏற்ற நேரம் குறித்த துண்டறிக்கை, படகுத் துறைகளில் வண்டி வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் நீளும் கூரை.