தேக்கடிக்குத் தெப்பம் போதும்

உத்தமபாளையத்து வயல்களில் இருபோகம் நெல் விளைவிக்கும் தண்ணீர்தான் தேக்கடியில் சுற்றுலாப் படகுகளையும் சுமக்கிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்றும் தேக்கடி ஏரிக்குள் நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகம் சிறகு உலர்த்தும். பாம்புத்தாரா கூடு கட்டும். கோடையில் ஓடைகள் வற்றியதும் யானைகள் குட்டிகளோடு கரைக்கு இறங்கும். அந்த நேரம் பார்த்து மாடிப்படகில் எழும் கூச்சலை என்னால் பொறுக்க முடியவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று இங்கே ‘ஜலகன்யகா’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் குவிந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. விலங்கு பார்க்கும் சுற்றுலாவைக் கட்டுப்படுத்தும் கலாபகஸ் தீவுகளில் ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றுவதில்லை. 16 பேருக்கு ஒரு வழிகாட்டி. விலங்கிடமிருந்து இரண்டு மீட்டராவது விலகி நிற்க வேண்டும். தேக்கடியிலும் அப்படியொரு வழி ஏற்கெனவே இருக்கிறது: பழங்குடி வழிகாட்டிகள் துடுப்புப் போடும் மூங்கில் தெப்பம். சிலர்தான் ஏறலாம், இயந்திர இரைச்சல் கிடையாது. கேரள வனத்துறை பெரிய படகுகளைக் குறைத்துத் தெப்பங்களைக் கூட்டட்டும். குமுளி மலை ஏறித் தேக்கடிக்குப் போகும் நம் பள்ளத்தாக்குக்காரர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும்.