பதினாறு விளக்கும் உம்மாவின் நிழலும்

கடந்த டிசம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டு ஹோலுக்கு சீலிங் அடிக்க முடிவாயிற்று. கட்டாரில் வேலை செய்யும் நானா அனுப்பிய பணம் அது. பணத்துக்கு முன்பே வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வெள்ளை சீலிங், அதற்குள் புதைத்த வட்ட வட்டமான டவுன் லைட்டுகள். வாப்பாவும் வயரிங் பாஸும் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கடதாசியில் வட்டம் போட்டார்கள். நான் எண்ணினேன். பதினாறு.

தேநீர் கொண்டுவந்த உம்மா, "குசினிக்கு எத்தனை?" என்று கேட்டார்.

"குசினிக்கு இருக்கிற பல்ப் போதுமே" என்றார் வாப்பா.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெறும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த மௌனம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

அழகான வீடு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தோழி ஒருத்தியின் வீட்டில் அப்படியொரு சீலிங்கைப் பார்த்து நானும் ஆசைப்பட்டவள்தான். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது எமது பண்பு. இப்தாருக்கும் நிக்காஹ் பேச்சுக்கும் நாலு பேர் வந்து அமரும் இடம் வெளிச்சமாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை நாள் விருந்து? ஒரு வருடத்தில் பத்துப் பதினைந்து இரவுகள் வருமா? மற்ற இரவுகளில் அந்த வீட்டில் யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று கேட்காமலேயே நாம் விளக்குக்குத் துளை போடுகிறோம். இதுதான் என் குறை.

அன்று இரவு குசினிக்குப் போய் உம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பல்ப் அறையின் நடுவில் தொங்குகிறது. உம்மா சுவரோடு இருக்கும் மேடையில் வெங்காயம் அரிகிறார். வெளிச்சம் அவருடைய முதுகில் விழுகிறது. அரியும் பலகையில் விழுவது அவருடைய நிழல். அந்த நிழலுக்குள்தான் கத்தி ஓடுகிறது. ஸஹருக்கு எழும்பிச் சமைக்கும் நாட்களிலும் இதே நிழல்தான். இத்தனை வருடமும் அதே வீட்டில் இருந்த நான் அதைக் கவனித்ததில்லை. பல்பை மாற்றினாலும் இந்தக் குறை தீராது. இன்னும் பிரகாசமான பல்ப் போட்டால் நிழல் இன்னும் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். விளக்கு இருக்கும் இடம் மாற வேண்டும். மேடைக்கு நேர் மேலே வர வேண்டும்.

நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். பரீட்சைக்காகப் பாடமாக்கிய கணக்கு அன்று முதன்முறையாக வீட்டுக்கு உதவியது. டவுன் லைட் ஒன்று 12 வாற்று. பதினாறும் சேர்ந்தால் 192 வாற்று. நாளொன்றுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 29 அலகு. வீட்டு மின் பட்டியலில் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கட்டணம் என்பது பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். அந்த 60இல் ஏறக்குறைய பாதியை ஹோலின் முகடு மட்டுமே தின்றுவிடும்.

அவ்வளவு வெளிச்சம் தேவையா என்றால், அதுவும் இல்லை. ஒரு சதுர மீற்றரில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். இருந்து பேசும் அறைக்கு 100 முதல் 200 லக்ஸ் போதும். வாசிக்கும் மேசைக்கு 300 முதல் 500 வரை வேண்டும். எங்கள் ஹோல் 16 அடிக்கு 12 அடி, அதாவது ஏறத்தாழ 18 சதுர மீற்றர். சுவரும் தளமும் விழுங்கும் ஒளியைக் கழித்துப் பார்த்தாலும் 9 வாற்று எல்.ஈ.டீ ஆறு போதும். ஐந்து மணித்தியாலம் எரிந்தாலும் மாதத்துக்கு 8 அலகுதான். பதினாறு விளக்கைப் போட்டிருந்தால், கதைத்துக்கொண்டிருக்கும் சோபாவில் படிக்கும் மேசையை விட அதிக வெளிச்சமும், நான் உண்மையில் படிக்கும் மூலையில் அரை இருட்டும் இருந்திருக்கும்.

இன்னொரு விடயத்தை நாங்கள் அநேகமாக மறந்தே போயிருந்தோம். எங்கள் பழைய ஓட்டுக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் இருக்கின்றன. பகலில் அவற்றின் வழியாக ஒரு சதுர வெயில் தரையில் விழும். காலையில் ஒரு சுவரோரம் தொடங்கி அஸருக்குள் மறு சுவருக்கு நகர்ந்துவிடும். உம்மம்மா அதைப் பார்த்தே நேரம் சொல்லுவார். சீலிங் அடித்தால் அது மூடப்படும். இலவசமாகக் கிடைக்கும் பகல் வெளிச்சத்தை அடைத்துவிட்டுப் பட்டப்பகலில் காசுக்கு விளக்கு எரிப்பது என்ன திட்டம்?

இதைச் சொல்லும்போது எங்கள் மாத்தளையின் ஒரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். அலுவிகாரையைச் சேர்ந்த பத்திக் கலைஞர் ஈனா த சில்வா. 1960களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அவருக்காகக் கொழும்பில் கட்டிய வீடு, நடுவே திறந்த முற்றத்தையும் அதைச் சுற்றி அறைகளையும் கொண்டது. வெளிச்சமும் காற்றும் முற்றத்தால் வந்தன. அதே ஈனா, பெந்தோட்டையில் பாவா கட்டிய ஹோட்டலின் முகட்டைப் பத்திக் துணிகளால் நிறைத்தார். அண்ணாந்து பார்க்க அழகான முகடு வேண்டியதுதான். ஆனால் அவருடைய வீட்டில் வெளிச்சம் முதலில் வாழும் இடத்துக்கு வந்திருக்கிறது. நாங்கள் முகட்டை மட்டும் எடுத்துக்கொண்டு முற்றத்தை மறந்துவிட்டோம்.

விளக்கைப் பற்றி மாத்தளைப் பிள்ளைகளுக்கு இன்னுமொரு பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் மலைக்குள் சுரங்கத்தால் வந்து உக்குவளையில் மின்சாரமாகிறது. 1976 முதல் இயங்கும் அந்த 40 மெகாவாற்று நிலையத்தைக் கடந்துதான் எங்களில் பலர் பாடசாலைக்கு வருகிறோம். மின்சாரம் வானத்திலிருந்து விழுவதில்லை என்று கண்ணால் கண்டவர்கள் நாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. எனக்கும் அப்போது வயது பதின்மூன்று. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நானும் தம்பியும் ஒரே கொப்பியை இழுத்து இழுத்துப் படித்தோம். அந்த வருடம் ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூடியது. பிறகு சில தடவை குறைந்தாலும் அந்த நாட்களை நாம் இவ்வளவு விரைவாக மறக்கக் கூடாது. வீண்விரயத்தை எமது மார்க்கம் கண்டித்திருக்கிறது. உறங்கப் போகுமுன் விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள்.

கணக்கெழுதிய தாளை வாப்பாவிடம் கொடுத்தேன். ஏசுவார் என்று பயம். அவர் மிளகு வியாபாரி. நிறையும் விலையும் தெரிந்தவர். இரண்டு தடவை வாசித்துவிட்டு, "உம்மாட நிழல் எண்டு எழுதியிருக்கிறது என்ன?" என்று கேட்டார். குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பாஸுக்குக் கோல் எடுத்தார்.

இப்போது ஹோலில் ஆறு விளக்கு, இரண்டு சுவிட்சில். வழமையான நாளில் இரண்டு எரியும். விருந்தாளி வந்தால் ஆறும். குசினி மேடைக்கு நேர் மேலே இரண்டு. உம்மம்மா தஹஜ்ஜுத்துக்கு எழும்பி வுழூவுக்குப் போகும் நடையில் மஞ்சள் ஒளியில் சின்னதாக ஒன்று, இரண்டு முனையிலும் சுவிட்சோடு. வயதானவர்களின் கண்ணுக்கு வெளிச்சமும் கூட வேண்டும், கூச்சமும் கூடாது. ஆகவே அவருடைய கட்டிலுக்கு நேர் மேலே விளக்கு வைக்கவில்லை. படுத்திருப்பவர் பார்ப்பது முகட்டைத்தானே. கண்ணாடி ஓடுகளுக்குக் கீழே சீலிங்கில் ஒரு சதுரத்தைத் திறந்தே விட்டோம். நானாவுக்கு அது மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.

என் பிழையையும் சொல்ல வேண்டும். படிக்கும் மேசைக்கென்று நானே இடம் காட்டிய டவுன் லைட் சரியாக என் தலைக்கு மேலே வந்துவிட்டது. குனிந்தால் என் தலையின் நிழல் என் கொப்பியில். கடைசியில் ஒரு மேசை விளக்கு வாங்கினோம். முகட்டு விளக்குக்கும் கொப்பிக்கும் ஆறரை அடி. மேசை விளக்குக்கு ஒன்றரை அடி. நேர்மாறு வர்க்க விதிப்படி, அதே செறிவுள்ள விளக்கு ஒன்றரை அடியில் சுமார் 19 மடங்கு வெளிச்சம் தரும். பாடத்தில் எழுதினேன், வீட்டில் மறந்தேன்.

பெற்றோரிடம் என் வேண்டுகோள் இதுதான். சீலிங் அடிக்குமுன் ஓர் இரவு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். யார் எங்கே குனிகிறார், யார் எங்கே தடுக்குகிறார், யாருடைய நிழல் யாருடைய வேலையில் விழுகிறது என்று பாருங்கள். சுவிட்சுகளைப் பிரியுங்கள். ஓட்டுக்குக் கீழே பகலில் சூடு ஏறும், எல்.ஈ.டீயின் ஆயுளைக் குறைப்பது அந்தச் சூடுதான், ஆகவே மேலே காற்றுக்கு இடம் விடுங்கள். வயர் பொருத்துகளைப் பெட்டிக்குள் அடைக்கச் சொல்லுங்கள். முகட்டுக்கு மேலே எலி ஓடாத வீடு எங்கே இருக்கிறது? எல்லாவற்றுக்கும் முன்னதாக, அந்த அறையில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

தோழியரே, எங்களிடம் கேட்காவிட்டால் நாமாகச் சொல்வோம். தாளில் கணக்கோடு சொன்னால் வாப்பாமார் கேட்கிறார்கள், நான் கண்டேன்.

நேற்று இரவு உம்மா மேடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "இப்ப முள்ளு தெரியுது" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.