செங்காந்தளும் ஹார்மோன் ஏற்பிகளும்

கண்வலிக்கிழங்கு எனவும் வழங்கும் செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலராகும். ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் உழவர்கள் அதனைப் பயிரிட்டு, விதையை வெளிநாடுகளுக்கும் அனுப்புகின்றனர். அவ்விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்கிசின், யூரிக் அமிலத்தால் விளையும் மூட்டுவாதத்திற்கு நெடுநாளைய மருந்து.

உயிரணுவினுள் டியூபுலின் என்னும் புரதத்தாலான நுண்குழல்கள் உள்ளன. அணுவில் உருவாகும் ஹார்மோன் ஏற்பிகள் மேற்பரப்பை அடைவதற்கும், ஹார்மோனைப் பற்றியபின் உட்செல்வதற்கும் அவை பாதையாக உதவுகின்றன. கோல்கிசின் டியூபுலினோடு பிணைந்து குழல்கள் வளராவண்ணம் தடுக்கிறது. பாதை சிதைந்தால் போக்குவரத்தும் தளர்வது இயல்பன்றோ? பால் சுரப்பித் திசுவில் புரோலாக்டின் ஹார்மோன் கேசின் உற்பத்தியைத் தூண்டுவதை இம்மருந்து தடுப்பதாகச் சோதனைகள் காட்டியுள்ளன.

இதுகொண்டு நோயாளிகள் அஞ்ச வேண்டுவதில்லை. சோதனைகளில் இடும் அளவு, மருந்துண்பவரின் குருதியில் காணும் அளவினும் பெரும்பாலும் மிகுதியாகும். எனினும் புறக்கணித்தலும் தகாது. 2023 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, இதய நோயாளர்கள் நாள்தோறும் 0.5 மில்லிகிராம் கோல்கிசின் உட்கொள்ள அனுமதி வழங்கியது. சில நாள் உண்ட மருந்து பல்லாண்டு உண்ணும் மருந்தாகுமிடத்து, ஹார்மோன் இயக்கத்தில் அதன் விளைவையும் நெடுங்காலம் கண்காணித்தல் கடமையாகும்.

1909 இல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகமும், நுட்பமான பொறிப் பாகங்களைச் செய்யும் பீன்யா தொழிற்பேட்டையும் ஒரே நகரான பெங்களூரில் அமைந்துள்ளன. உயிருள்ள அணுவை உற்றுநோக்கும் கருவிகளை இவ்விரண்டும் கூடி ஆக்குதல் நன்று. விதையை விளைவிக்கும் நாடே அதன் நன்மையையும் தீமையையும் அளந்தறிதல் முறையாகும்.