மேகத்தைப் பார்க்கும் கண்ணும் மழைநாள் கூலியும்

"புயல் வருகிறது" என்று ரேடியோ சொன்னால், "கடலுக்குள் போய்ப் பார்த்தானா?" என்று நமது தோழர்கள் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கக் கூடாது என்பது நமது அபிப்பிராயம். பார்க்கத்தான் செய்கிறார்கள்.

சென்னைத் துறைமுகத்தில் 2002ம் ஆண்டு டாப்ளர் ரேடார் அமைக்கப்பட்டது. பிறகு காரைக்காலிலும் வந்தது. இந்த யந்திரம் சுமார் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலையை விட்டு விட்டு வீசுகிறது. அலை மழைத்துளியில் பட்டு எதிரொலி போலத் திரும்புகிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் திரும்பினால் மழை 150 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. துளியின் பருமன் இரட்டித்தால் எதிரொலி 64 மடங்கு பலக்கும்; தூறலா, கொட்டும் மழையா என்பது இதிலிருந்து தெரிகிறது.

காற்றின் வேகம் எப்படித் தெரிகிறது? ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் கீச்சென்று ஒலிக்கிறது; தாண்டிப் போனதும் தொனி இறங்குகிறது. 1842ல் டாப்ளர் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி இந்த விதியைச் சொன்னார். மூன்று வருஷம் கழித்து ஹாலந்தில் ரயிலில் எக்காளம் ஊதுவோரை ஏற்றிச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்! ரேடார் அலை நொடிக்கு ஏறத்தாழ 280 கோடி முறை துடிக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மழை நம்மை நோக்கி வந்தால் அதில் ஐந்நூறு துடிப்புத்தான் கூடும். அதையும் யந்திரம் பிடித்துவிடுகிறது.

குறையும் உண்டு. பூமி உருண்டை, ஆகவே 200 கிலோமீட்டருக்கு அப்பால் கதிர் 4 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. அதற்குக் கீழே நடப்பது தெரியாது. ஒரு ரேடார் போதாது, பல வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

யுத்தத்தில் எதிரி விமானத்தைத் தேடப் பிறந்த கருவி இது. அன்று திரையில் மழை தெரிந்ததை உபத்திரவம் என்றார்கள். அந்த உபத்திரவம்தான் இன்று ஜனங்களைக் காக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. முன்கூட்டியே சொன்னதால் எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குப் போனார்கள். இதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கீற்றுக் குடிசை எங்கே போகும்? லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. மரத்துக்கு இவ்வளவு என்று சர்க்கார் போட்ட நிவாரணம் தோப்புக்காரருக்கு. மரமேறிக் காய் பறித்தவனுக்கு மரம் ஏது?

எச்சரிக்கை விட்டால் பள்ளிக்கும் ஆபீசுக்கும் விடுமுறை. தினக்கூலிக்கோ அது அடுப்பு எரியாத நாள். அதனால்தான் அவன் எச்சரிக்கையை மீறி வேலைக்குப் புறப்படுகிறான், அறியாமையால் அல்ல. சிவப்பு எச்சரிக்கை நாளுக்கு மில்லிலும் வயலிலும் கூலி உண்டு என்று சட்டம் செய்யட்டும். குடிசைக்குப் பதில் காங்கிரீட் வீடு கட்டித் தரட்டும். விவசாயத் தொழிலாளர் கிளைகளும் மில் சங்கங்களும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரிலேயே, கையெழுத்து வாங்கிக் கலெக்டரிடம் மகஜர் கொடுக்க வேண்டும்.