தண்டோராவை நிறுத்தினீர்கள், தொண்டைக்கு யார் பதில்?

எங்க நைனாவுக்குக் கடைசிப் பத்து வருஷம் குரல் இல்லை. வாயைத் திறந்தா காத்துதான் வந்தது. பிறவி ஊமையில்லை அவர். திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே ஆறு ஊருக்குத் தண்டோரா போட்டவர். ஏரி மீன் ஏலம், கிஸ்தி கெடு, கூழ் ஊத்தற நாள், ஊர்க்காரன் வீட்டுச் சாவு எல்லாம் அவர் தொண்டை வழியாத்தான் போச்சு. பறைச் சத்தத்துக்கு மேல குரல் எழும்பணும். வெயில், புழுதி. தண்ணி கேட்டா கையில ஊத்துவான். கூலி, களத்து நெல்லு.

குரல் கம்மினப்ப ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "குடியை நிறுத்தச் சொல்லு, கத்தாம இருக்கச் சொல்லு" என்றார் டாக்டர். நைனா குடிக்காதவர். என்ன வேலை என்று யாரும் கேட்கவேயில்லை.

குரல் நாண்கள் இரண்டு. ஆண் பேசும்போது அவை விநாடிக்கு 100 தடவைக்கு மேல் மோதுகின்றன. கத்தினால் அடி பலமாகும். ஓய்வில்லாமல் வருஷக்கணக்கில் மோதினால் வீங்கும். மண்வெட்டி பிடித்த கைபோலக் காய்ப்பு விழும். ஆரம்பத்திலேயே பார்த்தால், மூச்சை எடுக்கவும் நெரிக்காமல் குரலை எட்டவைக்கவும் பழக்கியே பல பேரைத் தேற்றலாம். இதைக் கற்பிக்க மைசூரில் 1965லேயே மத்திய அரசு நிறுவனம் வந்துவிட்டது. பாட்டுக்காரருக்கு எட்டிய வைத்தியம் வெட்டியானுக்கு ஏன் எட்டவில்லை?

மாமல்லபுரம் உளிச்சத்தத்தில் காது போனால், கல்தூசியில் நுரையீரல் போனால், காகிதத்திலாவது அதற்குத் தொழில்நோய் என்று பெயர் உண்டு. 1948 தொழிற்சாலைச் சட்டப் பட்டியலிலும் 2020 சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் தொண்டைக்கு மட்டும் இடமில்லை. போலந்தில் வாத்தியார் குரல் கெட்டால் அது தொழில்நோய்.

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா முறையைக் கைவிடச் சொல்லிக் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். சரியான காரியம். ஆனால் அதுவரை கத்தினவன் கணக்கை யார் தீர்த்தது?

"இழிதொழில் ஒழிஞ்சதே போதாதா, அதுக்கு நஷ்டஈடு வேற கேட்கணுமா?" என்கிறார் நம்ம தோழர் ஒருத்தர். தோழரே, இழிவு என்றுதான் ஒழிக்கச் சொன்னோம். உழைப்பில்லை என்று சொல்லவில்லை. இழிவைச் சுமத்தினவன் நோவுக்கும் பொறுப்பு.

ஊர்ச்சேதி சொல்லும்வரை எங்கள் குரல் இனித்தது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் குரல் எழுந்தபோது, 1994 அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டில் துப்பாக்கி பதில் சொன்னது. ஜான் தாமஸும் ஏழுமலையும் விழுந்தார்கள்.

எனவே கேட்கிறோம். தண்டோரா போட்டவர்களை ஊர் ஊராகக் கணக்கெடு. தொண்டையைச் சோதி. குரல்கேட்டைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர். குரல் போனவருக்கு ஓய்வூதியம் கொடு. அரசு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடு, முதல் கேள்வியாக "என்ன வேலை செஞ்சே?" என்று கேள்.

நைனா சொல்ல முடியாமல் போனதைச் சகலமானவர்களுக்கும் அறிவிக்கிறேன். இந்த முறை கூலிக்கு இல்லை.