பேரம் பேசிய இரண்டு நாள்

"ஸ்டார்ட் ஆயிடுச்சு!" என்ற கூச்சலோடு முடிகிற எந்த வீடியோவையும் நான் இப்போது நம்புவதில்லை. தூசி படிந்த பழைய கார், ஒரு சாவித் திருப்பல், ஒரு உறுமல், கைதட்டல். பழைய கார் காதலர்கள் என்று பீற்றிக்கொள்ளும் நமக்கு அந்த முப்பது விநாடி போதும். அதற்கு முந்தைய வேலையைப் பார்க்க நேரமில்லை, அதற்குக் காசு கொடுக்க மனசில்லை. நானும் அந்தக் கூட்டம்தான்.

அப்பாவின் அம்பாசடர் 1977 மாடல், மார்க் 3. பிரிட்டனின் பிஎம்சி வடிவமைத்த 1489 சிசி என்ஜின். மதுரையில் ஒரு பட்டறையில் முழுசாக இறக்கி வேலை பார்த்தோம். ரீபோர், புது பேரிங், புது கேம் ஷாஃப்ட், புது டேப்பட். உதிரிபாக பில்லுக்கு வாய் திறக்காமல் பணம் கொடுத்தேன். கூலியில் மட்டும் ஒரு வரி உறுத்தியது: முதல் ஸ்டார்ட், இரண்டு நாள்.

"அண்ணே, எல்லாம் மாட்டியாச்சுல்ல? சாவியத் திருப்புறதுக்கு ரெண்டு நாளா?"

"தம்பி, இனிமேதான் வேலையே இருக்கு."

நான் சிரித்தேன். அரை நாள் கூலிக்குப் பேசி முடித்தேன்.

அந்த இரண்டு நாளில் என்ன இருக்கிறது? புதிதாகக் கோத்த என்ஜினின் ஆயில் வழிகள் காலியாக இருக்கும். ஃபில்டரை நிரப்பி, நாலு பிளக்கையும் கழற்றி, விட்டு விட்டு செல்ஃப் அடித்து, ப்ரெஷர் கேஜில் முள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக் இல்லாவிட்டால் கம்ப்ரஷன் இருக்காது, பேரிங்குக்குச் சுமை குறைவு. சில என்ஜின்களில் டெல்கோவைக் கழற்றிவிட்டு டிரில்லால் ஆயில் பம்பை மட்டும் சுற்றலாம். இதில் பம்பைச் சுற்றுவதே கேம் ஷாஃப்ட்தான். கேமும் கூடவே உரசும். அதனால் கோக்கும்போதே கேமின் ஒவ்வொரு மேட்டிலும் பேஸ்ட் தடவியிருக்க வேண்டும்.

பிறகு டைமிங். கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் புல்லியின் குறி இரண்டு முறை நேராக வரும், அதில் ஒன்றுதான் கம்ப்ரஷன். முதல் பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து, காற்று தள்ளுகிறதா என்று பார்த்துதான் நம்ப வேண்டும். ஒயர் வரிசை 1-3-4-2. தண்ணீர் ஒழுகல், பெட்ரோல் கசிவு, பக்கத்தில் ஒரு வாளி மணல்.

ஸ்டார்ட் ஆனபிறகுதான் நிஜமான பரீட்சை. கேமும் டேப்பட்டும் ஒன்றோடொன்று பழகுவது அந்த முதல் இருபது நிமிடத்தில். கேமுக்கான ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுற்றும் வேகத்தில் தெறித்து வருவது. ஐடிலில் விட்டால் தெறிப்பு குறையும், மேடு தேயும். அதனால் 2000 ஆர்பிஎம்மை ஒட்டி, ஏற்றி இறக்கி, இருபது நிமிடம் பிடிக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன்? நல்ல நாள் பார்த்தேன். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம், சுற்றிலும் சொந்தக்காரர்கள், கையில் போன். முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. மாமா சொன்னார்: "சத்தத்தக் குறைப்பா, வீடியோல பேசுறது கேக்கல." குறைத்தேன். "தம்பி, இறக்காதீங்க" என்று மெக்கானிக் கத்தினார். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். பத்து நிமிடம் ஐடிலில் ஓடியது.

எண்ணூறு கிலோமீட்டரில் டக் டக் சத்தம். டேப்பட் இடைவெளியைச் சரிசெய்தால் ஒரே வாரத்தில் மறுபடி கூடியது. பிரித்தால், கேமில் ஒரு மேடு மழுங்கிக் கிடந்தது. "மெக்கானிக் சொதப்பிட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னேன். நான் அனுப்பிவைத்த இரண்டு பேர் அவரிடமிருந்து வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் பாத்தா ஸ்டார்ட் பண்ணாங்க?" என்பீர்கள். அந்தக் கால ஆயிலில் கேமைக் காக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் கலவை கூடுதல். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது என்று பிற்பாடு குறைத்துவிட்டார்கள். இன்றைய ஆயிலை ஊற்றிக்கொண்டு அன்றைய அலட்சியத்துக்கு ஆசைப்பட முடியாது.

எழுதுகிற நம் ஆட்களிடம் இன்னொரு வியாதி. மெக்கானிக்கை "இரும்போடு பேசுகிறவர்", "கையிலேயே காது இருப்பவர்" என்று உருகி எழுதுவோம். வரம் என்று சொல்லிவிட்டால் மணிக்கணக்குக் கூலி கேட்க முடியாதல்லவா? அவர் கேட்டது இரண்டு நாள் சம்பளம். நாம் கொடுப்பது உவமை.

மறுபடி அவரிடமே போனேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, பில்லில் அதே வரியை எழுதினார். இந்த முறை அடித்துத் திருத்தவில்லை. இருபது நிமிடம் ஆக்சிலரேட்டரில் அவர் கால், போன் என் பையில்.

உங்கள் பில்லிலும் அந்த வரி வரும். அதில் கை வைக்காதீர்கள். என் பேச்சைக் கேட்டு விலகிய அந்த இரண்டு பேரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். இன்றுவரை அவர்கள் அந்தப் பட்டறைக்குத் திரும்பவில்லை.